பிளாப்பி எழுதவில்லை

பிளாப்பி பதில் சொல்லாமல் போனால் கம்ப்யூட்டர் திரையின் அடியில் ஒரு வரி வரும். அபார்ட், ரீட்ரை, இக்னோர், ஃபெயில் என்று நாலு ஆங்கிலச் சொற்கள், கடைசியில் ஒரு கேள்விக்குறி. வேலையை அப்படியே நிறுத்தவா, இன்னொரு முறை முயலவா, கண்டுகொள்ளாமல் மேலே போகவா, முடியவில்லை என்று புரோகிராமிடம் சொல்லிவிடவா என்று அது கேட்கிறது. நாலில் ஒன்றின் முதல் எழுத்தைத் தட்ட வேண்டும். தட்டும்வரை எதுவும் நகராது.

பாலிடெக்னிக்கில் இதற்குக் கால் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு மதிப்பெண் கேள்வி. நான் இரண்டும் வாங்கினேன். இக்னோர் என்பதன் முழு அர்த்தம் அந்தக் கால் பக்கத்தில் இல்லை. அதைத் தட்டினால் பிளாப்பியில் ஒன்றும் எழுதப்படாது. ஆனால் எழுதியாகிவிட்டது என்று புரோகிராமுக்குத் தகவல் போகும். புரோகிராம் அதை நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடும்.

எண்பதுகளின் கடைசியில், டிப்ளமோ முடித்த கையோடு தஞ்சாவூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். கம்பெனி என்றால் ஒரு மேனேஜர், நான், ஒரு மாடியறை, அவ்வளவுதான். ஒரு தாலுகாவின் குத்தகைதாரர் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை பரீட்சார்த்தமாக எங்களுக்கு வந்தது. எந்தத் தாலுகா என்று எழுதப்போவதில்லை. எங்கள் ஊரும் அதற்குள் வந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பதிவேடு என்ன என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் நிலம் ஒருவருடையது, உழுது நடுவது இன்னொருவர். இருவருக்கும் நடுவே காகிதம் கிடையாது, வாய்ப்பேச்சுதான். பண்ணைகளோடு நடந்த சண்டைகளுக்குப் பிறகு அரசாங்கம் ஒரு பதிவேடு போட்டது. அதில் பெயர் இருந்தால் நிலத்தை விட்டு இறக்க முடியாது. பெயர் இல்லாவிட்டால், முப்பது வருஷம் சாகுபடி செய்தவரும் அன்றாடக் கூலிதான். எங்கள் தெருவில் அந்தப் பெயர்களை ஏற்றுவதற்காக அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். என் அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது.

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். அப்பாவுக்கு அண்ணன் முறையாகும் ஒருவரின் மனைவி. பெரியப்பா இறந்து நாலு வருஷமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, தனியாகச் சாகுபடி செய்துவந்தார். நிலம் தஞ்சாவூரில் இருக்கும் ஒரு மிராசுதாருடையது. அந்த வீட்டில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி இன்னொரு கட்சி. ஆட்சி எது வந்தாலும் வாசலில் பொருத்தமான கொடி ஒன்று இருக்கும்.

பதிவேட்டில் பெரியப்பா பெயர் மையில் இருந்தது. அவர் போன பிறகு, வருஷத்துக்கு ஒரு முறை ஊர்க் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி ஒன்றில் மனுக் கொடுத்ததற்கு, குறிப்பு என்ற கட்டத்தில் பெரியம்மாவின் பெயரைப் பென்சிலால் எழுதினார்கள். மையில் எழுத அடுத்த ஜமாபந்திக்கு வரச் சொன்னார்கள். அடுத்த ஜமாபந்திக்குள் அந்தத் தாசில்தார் மாற்றலாகிப் போனார். அடுத்தவர், பென்சிலில் எழுதியது யார் என்று கேட்டார். இப்படியே மூன்று ஜமாபந்தி போயிற்று. கம்ப்யூட்டர் வருகிறது என்றதும் எங்கள் தெருவிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் பெரியம்மாதான்.

"கம்பூட்டருக்கு பென்சில் தெரியாதுல்ல பாப்பா?" என்று கேட்டார். "அதுல எல்லாமே மைதானே?"

"எல்லாம் ஒரே மாதிரிதான் பெரியம்மா," என்றேன்.

தாலுகா அலுவலகத்தில் பதிவறையை ஒட்டிய ஒரு அறையை எங்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு கம்ப்யூட்டர். அதில் ஹார்டு டிஸ்க் கிடையாது. இரண்டு பிளாப்பி டிரைவ்கள், ஒன்றில் என் புரோகிராம், மற்றொன்றில் பெயர்கள். டைப்பிஸ்டுகளாக இருந்த இரண்டு அக்காக்களை ஆபரேட்டர்களாக மாற்றியிருந்தார்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் ரைஸ்மில். தவிட்டுத் தூசி ஜன்னல் மூடியிருந்தாலும் உள்ளே வரும். மோட்டார் ஓடுகிற நேரத்தில் மின்விளக்கு மங்கும், திரை நடுங்கும், உடனே அந்த நாலு சொல் வந்து நிற்கும்.

முதல் வாரத்திலேயே ஆபரேட்டர் அக்காக்கள் தாங்களாக ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

"ஏ-யைத் தட்டினா மொத்தமும் போயிடுது," என்றார் மூத்தவர். "ஆர்-ஐத் தட்டினா மறுபடியும் அதே கேள்வியைக் கேக்குது. எஃப்-ஐத் தட்டினா உங்க புரோகிராம் கோவிச்சுக்கிட்டு வெளிய வந்துடுது. ஐ-யைத் தட்டினா மட்டும் ஒண்ணும் பேசாம போகுதும்மா. நல்ல பொத்தான்."

இளையவர் சிரித்தார். "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். கண்டுக்காம விட்டா ஒரு பிரச்சினையும் இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே உட்கார்ந்து அதற்கு மாற்று எழுதினேன். அந்தக் கேள்வியைத் திரையில் போடுவதற்கு முன்பு கம்ப்யூட்டர் நினைவகத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்தைக் கூப்பிடும். அங்கே நம் வரிகளை வைத்துவிட்டால் கேள்வி நம் கைக்கு வந்துவிடும். நாம் ஓர் எண்ணைத் திருப்பித் தர வேண்டும்: பூஜ்யம் என்றால் இக்னோர், ஒன்று ரீட்ரை, இரண்டு அபார்ட், மூன்று ஃபெயில். அந்த நேரத்தில் நமக்கு அனுமதிக்கப்பட்ட வேலைகள் மிகக் குறைவு. திரையில் எழுத்துப் போடலாம், ஒரு எழுத்தைத் தட்டச் சொல்லிக் காத்திருக்கலாம். எந்தக் கோப்பையும் திறக்கக் கூடாது, எதையும் எழுதிவைக்கக் கூடாது. மீறினால் எல்லாம் உறைந்துவிடும்.

நான் எழுதியது சரியாகவே இருந்தது. மூன்று முறை தானாக முயலும். அப்போதும் முடியாவிட்டால் திரை முழுவதையும் துடைத்துவிட்டு, பிளாப்பி எழுதவில்லை, புரோகிராமரைக் கூப்பிடவும் என்று ஆங்கில எழுத்தில் தமிழைப் போடும். அதற்குமேல் எந்தப் பொத்தானுக்கும் அசையாது, நான் வந்து ரகசிய எழுத்து ஒன்றைத் தட்டும்வரை. அக்காக்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்து தடவை கூப்பிட்டார்கள். வேலை பாதியாகக் குறைந்தது. ஆனால் தட்டியது எல்லாம் பிளாப்பியில் இருந்தது.

வேலை ஆரம்பித்து ஒன்றரை மாதம் கழித்து அதற்குத் தொடக்க விழா வைத்தார்கள். அமைச்சர் வருகிறார் என்றார்கள். அந்த வருஷம் ஆட்சி மாறியிருந்தது. சுவரில் படம் மாட்டிக்கொண்டிருந்த ஹெட் கிளார்க், "படம்தாம்மா மாறும், ஆணி பர்மனென்ட்," என்றார். தெருவில் இரண்டு பக்கமும் கொடி, வாசலில் வாழைமரம், கம்ப்யூட்டருக்கு மாலை. ஒத்திகை பார்க்கத் தாசில்தார் வந்து உட்கார்ந்த நேரம் பார்த்து ரைஸ்மில் மோட்டார் ஓடியது. என் வரி திரை முழுவதும் வந்து நின்றது.

"என்னம்மா இது?"

"பிளாப்பி எழுதலீங்க சார். சரிபண்ணிட்டுப் போகலாமான்னு கேக்குது."

"அது எதுக்குக் கேள்வி கேக்குது? ஆபீஸ்ல கேள்வி கேக்கறது நாமதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் போன பிறகு மேனேஜர் என்னைத் தனியாக அழைத்தார். அவர் கோபப்படுகிறவர் அல்ல, கெஞ்சுகிறவர்.

"நாளைக்கு மினிஸ்டர் முன்னாடி இந்த வரி வந்துச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுதும்மா. அடுத்த தாலுகா நமக்குக் கிடையாது. எப்படியாவது வராமப் பண்ணிடு. ஒரு நாளைக்குத்தானே?"

ஒரு நாளைக்குத்தான் என்று நானும் நினைத்தேன். அரை மணி நேர வேலை. மூன்று முறை முயற்சி, பிறகு பூஜ்யம். திரையில் ஒன்றும் வராது. எத்தனை தடவை எழுத முடியாமல் போனது என்று நினைவகத்தில் ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே வந்து, மாலையில் புரோகிராமை மூடும்போது காட்டச் செய்திருக்கலாம். அதற்கு நாலு வரி போதும். எனக்கு அது அன்றைக்கே தெரியும். ஒரு நாளைக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

விழா நன்றாக நடந்தது. அமைச்சர் பொத்தானை அழுத்தினார், ஒரு பெயர் வந்தது, கை தட்டினார்கள். மறுநாள் காலை பழைய வரிகளைத் திரும்ப வைக்கப் போனபோது மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நேத்து எத்தனை பக்கம் முடிச்சிருக்காங்க பாரு. முன்னாடி மூணு நாள் வேலை. நல்லா ஓடறதைக் கையை வெச்சுக் கெடுக்காதம்மா."

"எழுதாம விட்டா தெரியாது சார்."

"எழுதாம விட்டிருக்கா? காட்டு."

காட்ட முடியவில்லை. காட்டுகிற வழியைத்தான் நான் எடுத்துவிட்டிருந்தேனே. அன்றைய பிளாப்பியைச் சோதித்துப் பார்த்தேன். எல்லாப் பெயர்களும் இருந்தன. அடுத்த நாளும் பார்த்தேன். ஒரு வாரம் பார்த்தேன். ஒரு பெயர்கூடத் தவறவில்லை. பிறகு தினமும் பார்ப்பதை நிறுத்தினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்க அலுவலகங்களில் அன்று ஜீப்பிலிருந்து ஸ்டேப்ளர்வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். பதிவேடுகளுக்கு வைப்பார்கள், டைப்ரைட்டருக்கு வைப்பார்கள், தாசில்தாரின் ரப்பர் ஸ்டாம்புக்கும் உண்டு. நான் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கம்ப்யூட்டரின் நெற்றியில் பெரிய பொட்டு, விசைப்பலகை ஓரத்தில் பொரி. பெட்டியில் இருந்த பிளாப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். எல்லாவற்றிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். அட்டையின் கறுப்பு உறையில் வைத்திருந்தால் பரவாயில்லை. உறையின் கீழ்ப்பக்கத்தில் நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்கும். உள்ளே சுழலும் தட்டு அதில் வெளியே தெரியும். டிரைவ் அந்த வழியாகத்தான் படிக்கும், எழுதும். பொட்டு சரியாக அங்கே இருந்தது.

டபேதாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அலுவலகத்தில் பூஜை வேலையெல்லாம் அவர் பொறுப்பு. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது.

"இங்க எதுக்கு வெச்சீங்க?"

"பொட்டு வைக்கிறதுக்குன்னு அவங்களே எடம் விட்டுருக்காங்களேம்மா," என்றார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "மத்த எடமெல்லாம் கறுப்பு. அங்கதான் வழவழன்னு இருந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் நானே என் கையால வெச்சேன். ஒண்ணு விடல."

நான் அவரைத் திட்டவில்லை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு எல்லாவற்றையும் துடைத்தேன். பயன்படுத்திய பிளாப்பிகளைச் சோதித்தேன். விழாவுக்கு முன்னும் பின்னும் ஏறிய பெயர்கள் பத்திரமாக இருந்தன. இன்னும் எழுதப்படாத புதிய பிளாப்பிகள் ஒரு டஜன் இருந்தன. அவற்றில் ஒன்றை டிரைவில் போட்டு நாலைந்து பெயர்களைத் தட்டிப் பார்த்தேன். ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை. வராது என்று ஏற்பாடு செய்தவள் நான். அது அந்த நிமிஷத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை என்று எழுதினால் பொய். ஞாபகம் வந்தது. புதிய பிளாப்பி வாங்க வேண்டுமென்றால் மேனேஜரிடம் போக வேண்டும், மேனேஜரிடம் போனால் பழைய பேச்சு முழுவதும் திரும்ப வரும். பெட்டியை மூடினேன்.

பத்து நாள் கழித்து எங்கள் ஊர்ப் பதிவேடு மேசைக்கு வந்தது. அன்றைக்கு என்று பெரியம்மாவும் வந்தார். எப்படித் தெரிந்துகொண்டாரோ. நாற்றுப் பறித்த கையோடு வந்திருந்தார், நகக்கண்ணில் சேறு இருந்தது. அறைக்குள் வர மறுத்து வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க பெரியம்மா."

"வேணாம் புள்ள, மிசினுக்கு ஆகாது. அங்கேர்ந்தே சொல்லு. நம்ம பேரு ஏறுதா?"

பென்சில் எழுத்து மங்கலாக இருந்தது. மூத்த ஆபரேட்டர் கண்ணைச் சுருக்கிப் படிக்க, நான் பக்கத்தில் நின்று எழுத்து எழுத்தாகச் சொன்னேன். பெயர், கணவர் பெயர், சர்வே எண், ஆறு மா. அக்கா தட்டினார். சேமித்தார். சரிபார்ப்பதற்காக நான் அதே பெயரைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். வந்தது. திரையை வாசல் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"ஏறிடுச்சு பெரியம்மா."

"நல்லாப் பாத்துட்டியா?"

"நானே பாத்துட்டேன். இனிமே யார்கிட்டயும் நீங்க கேக்க வேண்டாம்."

அந்தக் கடைசி வாக்கியம் தேவையில்லாதது. திரையில் நான் பார்த்த பெயர் பிளாப்பியிலிருந்து வரவில்லை. சற்று முன்பு தட்டியதன் பிரதி நினைவகத்தில் மிச்சம் இருந்தது, அதிலிருந்து வந்தது. இதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். அக்கா பதிவேட்டில் அந்த வரிக்கு எதிரே சிவப்பு மையில் டிக் போட்டார். ஏற்றியாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பெரியம்மா அந்த டிக்கை எட்டிப் பார்த்துவிட்டு, "மைதான்," என்று சொல்லிக்கொண்டு போனார்.

கார்த்திகையில் பட்டியல் அச்சாகி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டது. விட்டுப்போனவர்கள் முப்பது நாளுக்குள் மனுக் கொடுக்கலாம் என்று தண்டோரா போட்டார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. எங்கள் தெருவிலிருந்து சிலர் போய்ப் பார்த்தார்கள். பெரியம்மா போகவில்லை. தாளடிப் பயிருக்குக் களை எடுக்க ஆள் கிடைக்காமல் ஒற்றையாக எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு தடவை, "நீங்களும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாமே அக்கா," என்றபோது, "நம்ம பொண்ணு பாத்துட்டு சொல்லிருச்சே, அதுக்கு மேல நான் என்னத்தப் பாக்கறது," என்றாராம். நான் அப்போது தஞ்சாவூரில் அடுத்த தாலுகாவுக்கான வேலையில் இருந்தேன். அது எங்களுக்கே கிடைத்திருந்தது.

தை மாதம், கதிர் சாய்ந்து அறுப்புக்கு நின்றபோது, மிராசுதாரின் காரியஸ்தர் ஆறேழு ஆட்களோடும் பட்டியலின் நகலோடும் வரப்பில் வந்து நின்றார்.

"இந்த லிஸ்ட்டுல உன் பேரு எங்க இருக்கு, காட்டு."

"இருக்குங்க. நல்லாப் பாருங்க."

"நாங்க நல்லாப் பாத்துட்டுதான் வந்துருக்கோம். முப்பது நாள் குடுத்தாங்கள்ல? அப்ப எங்க போயிருந்தே?"

அப்பா எனக்குத் தந்தி கொடுத்தார். அன்று பஸ் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நாற்பது நிமிஷம் நின்றது. அந்த நாற்பது நிமிஷமும் நான் மனத்துக்குள் காரணங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அச்சுப்பிழை. பக்கம் விடுபட்டது. வேறு ஊரின் கீழ் பெயர் போயிருக்கலாம். ஆபரேட்டர் பிறகு அழித்திருக்கலாம். உண்மையான காரணத்தைப் பட்டியலின் கடைசியில் வைத்தேன்.

எங்கள் ஊர் பிளாப்பியைப் பதிவறையிலிருந்து வாங்கி, உள்ளிருப்பதை அப்படியே காட்டும் ஒரு சின்னப் புரோகிராமால் பார்த்தேன். பிளாப்பி சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும், செக்டர் என்போம். என் கணக்கில் ஒரு செக்டருக்கு நாலு பெயர். அடுத்தடுத்து இரண்டு செக்டர்கள் காலியாக இருந்தன. எட்டுப் பேர். பெரியம்மா ஆறாவது. தட்டை விரலால் மெல்லச் சுற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது மஞ்சளாக ஒரு மெல்லிய பிறை தெரிந்தது. ஸ்பிரிட்டில் போகாதது. பட்டியலை அச்சிடும் புரோகிராமும் நான் எழுதியதுதான். காலி இடம் வந்தால் தாண்டிப் போகும்படி எழுதியிருந்தேன்; வரிசை எண்ணை அது தானாகப் போட்டுக்கொள்ளும். அதனால் அச்சில் நடுவே ஒரு எண்கூடத் தவறவில்லை. பார்க்க அழகான பட்டியல்.

நடந்ததை மூன்று பக்கம் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

"இதை நீ எழுதலை, நான் படிக்கலை. அவங்க அப்பீல் பண்ணட்டும். நமக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"அந்த வரி வராமப் பண்ணச் சொன்னது நீங்கதானே சார்."

"நான் வரி வரக்கூடாதுன்னுதான் சொன்னேன். எப்படி வராமப் பண்ணனும்னு நானா சொன்னேன்? எனக்கு அந்த எழவெல்லாம் தெரியுமா?"

அதில் பொய் இல்லை.

விசாரணை மாசி மாதத்தில், குத்தகை வழக்குகளைப் பார்க்கும் தனித் தாசில்தார் முன்னால் நடந்தது. மிராசுதார் வரவில்லை. அவருடைய வக்கீல் வந்திருந்தார். பெரியம்மா பெட்டியிலிருந்து எடுத்த நீலப் புடவையில் வந்தார். நானாகக் கேட்டுச் சாட்சி சொன்னேன். நடந்ததை வரிசைப்படி சொன்னேன்: மோட்டார், வரி, விழா, பூஜ்யம், பொட்டு, செக்டர். பொட்டு என்றதும் ஹெட் கிளார்க் இருமினார். வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"மிசின் பிழைன்னு ஏதாவது காட்டுச்சாம்மா?"

"காட்டலீங்க."

"ஏன் காட்டல?"

"காட்டாத மாதிரி நான் எழுதியிருந்தேன்."

"எழுதச் சொல்லி உத்தரவு ஏதாவது இருக்கா?"

"வாயால சொன்னாங்க."

"சரி. அந்த எடம் காலியா இருக்குங்கறீங்க. எழுதப்போய் முடியாம காலியா இருக்கா, இல்ல பென்சில்ல இருந்ததாலே வேணும்னே விட்டதாலே காலியா இருக்கா? பிளாப்பியைப் பாத்து இதைச் சொல்ல முடியுமா?"

"பிளாப்பியைப் பாத்து சொல்ல முடியாதுங்க. அவங்க பேரைத் திரையில நான் பாத்தேன்."

"இவங்க உங்களுக்கு உறவா?"

"பெரியம்மான்னு கூப்பிடுவேன்."

"ஒரே தெரு?"

"ஆமாங்க."

வக்கீல் தாசில்தாரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். ஒரே தெரு என்பதில் அவர் சொல்ல வேண்டியது எல்லாம் அடங்கியிருந்தது. எங்கள் தெரு எது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார். "அய்யா, இவங்க சொல்ற அதே எட்டு பேர்ல ஏழு பேரு முப்பது நாளுக்குள்ள மனுக் குடுத்து, துணைப் பட்டியல்ல சேந்தாச்சு. இந்த அம்மா ஒருத்தங்கதான் குடுக்கல. உரிமை இருந்தா ஏன் குடுக்கல?"

எனக்கு அது புதிய செய்தி. அந்த ஏழு மனுக்களையும் வழக்கமான விடுபாடு என்று ஹெட் கிளார்க் கையால் எழுதிச் சேர்த்து முடித்திருக்கிறார். ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால்கூட நான் பிளாப்பியைத் திறந்து பார்த்திருப்பேன். அவர்கள் ஏன் எனக்குச் சொல்ல வேண்டும்?

தாசில்தார் பெரியம்மாவிடம் திரும்பினார். "ஏம்மா, சுவத்துல ஒட்டுன லிஸ்ட்டை நீங்க வந்து பாக்கலையா?"

"இல்லீங்கய்யா."

"தண்டோரா போட்டது காதுல விழல?"

"விழுந்துச்சுங்க."

"அப்பறம்?"

பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை. தாசில்தாரின் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பொண்ணு ஏறிடுச்சுன்னு சொல்லிச்சுங்க. யாரையும் கேக்க வேணாம்னு சொல்லிச்சு. கேக்கலீங்க."

தாசில்தார் எழுதிக்கொண்டார். உத்தரவு பத்து நாளில் வந்தது. ஒரு பக்கம்தான். உரிய காலத்தில் ஆட்சேபம் தெரிவிக்கப்படவில்லை, கம்ப்யூட்டரில் பிழை ஏற்பட்டதற்கான பதிவு எதுவும் இல்லை, சாட்சி உறவினர், பென்சில் குறிப்பு செல்லாது, மனு தள்ளுபடி. இரண்டாவது காரணம் என் வேலை என்று சொல்லலாம். முதல் காரணமும்தான்.

உத்தரவின் நகலை வாங்கிக்கொண்டு நாங்கள் இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். மேலே அப்பீல் போகலாம், ஹைகோர்ட் இருக்கிறது, விவசாயிகள் சங்கத்தில் வக்கீல் இருக்கிறார் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். கதிரை மிராசுதாரின் ஆட்கள் அறுத்துப் போயிருந்தார்கள். உளுந்து விதைக்கவும் அவர்களே வந்துவிட்டார்கள்.

"நீ அங்க சொன்னது எனக்கு ஒண்ணும் வெளங்கல," என்றார் பெரியம்மா. "மிசினு, பொட்டு, என்னென்னமோ சொன்னே. அதெல்லாம் இருக்கட்டும். அன்னிக்கு நான் வாசல்ல நின்னு கேட்டப்போ, எழுதிருச்சான்னு உனக்கு நெசமாத் தெரியுமா?"

"தெரியாது பெரியம்மா."

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா வந்து பாத்திருப்பேன்ல."

பஸ் வந்தது. முன்பக்கம் பெண்கள் இருக்கையில் இரண்டு இடம் இருந்தது. அவர் ஒன்றில் உட்கார்ந்து, மற்றொன்றில் பையை வைத்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.